தரை என்று நான் சொன்ன மேகம்

தெரியாததைத் தெரியாது என்று வகுப்பில் சொல்லும் பழக்கம் எனக்கு ஒரே நாளில் வந்தது. அதற்கு முன் பத்து வருடம் இராஜபாளையத்தில் புவியியல் டீச்சராக இருந்து, எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தேன். (சரியான பதிலா என்பது வேறு விஷயம்.)

அது சாரல் காலம். ஒன்பதாம் வகுப்புக்குச் செயற்கைக்கோள் படத்தில் மேகம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். ஸ்மார்ட் போர்டில் அன்றைக்கு எடுத்த அகச்சிவப்புப் படங்கள். "வெள்ளையா இருந்தா மேகம். சாம்பலா இருந்தா தரை. அம்புட்டுதான்."

என் தம்பி மகள் பவித்ரா கையைத் தூக்கினாள். "டீச்சர், மலையை ஒட்டி ஒரு சாம்பல் திட்டு இருக்கே. முந்தின படத்துல அது இல்லையே. தரை நகருமா டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தரை நகராது. உக்காரு."

மதியம் தம்பி போன் செய்தான். செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருக்கிறான். வெளுத்த துணியை வெட்டவெளியில் கயிறு கட்டித்தான் காயப்போடுவார்கள்.

"யக்கா, மலை மூட்டமா இருக்கு. துணிய வெளிய போடவா? சாயங்காலம் லோடு ஏத்தணும். தவறுச்சுன்னா துணி வாங்குற பார்ட்டி வேற ஆளப் பாத்துருவாரு."

ஸ்டாஃப் ரூம் ஜன்னலைத் திறந்தால் அதே மலை. நான் வகுப்பில் காட்டிய படத்தைத்தான் பார்த்தேன். "மேகமே இல்லடா. தைரியமா போடு."

மூன்று மணிக்குச் சாரல் இறங்கியது. பள்ளி விட்டதும் ஓடினேன். காற்றில் கயிறு அறுந்து, பாதித் துணி செம்மண்ணில் கிடந்தது. தம்பியும் வேலைசெய்யும் பெண்களும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். லோடு போகவில்லை. பார்ட்டி போய்விட்டார். தம்பி திட்டவில்லை. "படத்துல மேகம் இல்லேல்லக்கா?" என்று மட்டும் கேட்டான். எனக்கு அவமானமாக இருந்தது.

பிறகுதான் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். அந்தப் படம் காட்டுவது சூட்டை. உயரத்தில் குளிர்ந்த மேகம் வெள்ளையாகத் தெரியும். மலையோரம் தாழ்ந்து வரும் சாரல் மேகம் கிட்டத்தட்ட தரையின் சூட்டில் இருப்பதால் தரை மாதிரியே சாம்பலாகத் தெரியும். மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லி, பவித்ராவிடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தப் பார்ட்டி திரும்பி வர ஆறு மாதம் ஆனது. வகுப்பில் நடந்ததைப் பவித்ரா வீட்டில் சொல்லியிருந்தாள். இன்றும் மலை இருட்டினால் தம்பி வீட்டில் யாரும் மழை என்று சொல்வதில்லை. "ஏட்டி, தரை நகருது, துணிய எடுங்க" என்றுதான் தம்பி மனைவி குரல் கொடுப்பாள். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி, இதென்ன பேச்சு என்று கேட்டிருக்கிறாள்.

"எங்க நாத்தனார் சொன்னது. அவிய புவியியல் டீச்சர்" என்றாளாம்.