வடையில் ஏறிய வெளிச்சம்

ஊருக்கு அறிவுரை சொல்லக் கிளம்புகிறவர் முதலில் தம் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். இருட்டிலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்பதை நான் தென்காசியில்தான் கற்றேன்.

நுண்ணுயிரியலில் முதுகலை முடித்த கையோடு, அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு அலுவலராகச் சேர்ந்திருந்தேன். (அலுவலரும் நானே, அலுவலகமும் நானே.) சாரல் காலம். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தும்மியபடி வருகிற அத்தனை பேருக்கும் பெரிய டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக்கொண்டிருந்தார். சாதாரணச் சளிக்கு அம்மருந்து உதவாது. கண்டபடி கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். பிறகு உயிருக்குப் போராடுகிறவருக்கும் அது கைகொடுக்காது. இதை எண்ணி எண்ணியே எனக்குச் சோறு இறங்கவில்லை.

“எம்மா, வெறுங்கையோட அனுப்புனா அவன் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போயிருவாம்லா?” என்றார் டாக்டர். “பழகுன கிருமி இங்கன எப்படிப் பரவுதுன்னு காட்டு. காட்டிட்டா நீ சொல்லுதபடி கேக்கேன்.”

அதைக் காட்ட எனக்குக் கிடைத்தது டாக்டரும் செவிலியர்களும் கூடும் ஒரே ஒரு மாலைக் கூட்டம். அதில் தோற்றால் ஆன்டிபயாடிக் மழை ஓயாது.

உடம்புக்குக் கெடுதல் செய்யாத, ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் பொடி ஒன்றை வரவழைத்தேன். காலையில் கையுறை மாட்டிக்கொண்டு வார்டுக் கதவின் கைப்பிடியில் பூசினேன். அதைத் தொட்ட கைகளெல்லாம் மாலையில் மின்னும். கிருமியின் பயணம் விளங்கிவிடும். பூசும்போது போன் வந்தது, எடுத்தேன். மூக்குக்கண்ணாடி சரிந்தது, ஏற்றிவிட்டேன். (கையுறைதான் போட்டிருக்கிறேனே!) பிறகு கையுறையை முறைப்படி கழற்றி எறிந்து, கையை விதிப்படி கழுவி, அதே போனை எடுத்து அம்மாவிடம் பெருமை பேசினேன்.

கூட்டத்துக்கு மேலகரத்திலிருந்து உளுந்த வடை வந்தது. எளிமையின் சிகரமாகிய நானே, போனை மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

விளக்கை அணைத்து ஊதா டார்ச்சை அடித்தேன். அத்தனை விரல்களும் மின்னின. டாக்டரின் மீசை கோயில் கொடைக்குக் கட்டிய சீரியல் பல்பு போல ஜொலித்தது.

“பார்த்தீர்களா? எல்லாம் அந்தக் கதவுப் பிடி!” என்று முழங்கினேன்.

“அதுல ஏதோ மாவு ஒட்டியிருக்குன்னு காலையிலயே ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிட்டனே மேடம்,” என்றார் தலைமைச் செவிலியர் மாரியக்கா.

டாக்டர் டார்ச்சை வாங்கி மெல்ல என் பக்கம் திருப்பினார். போன், கண்ணாடி, கன்னம், காது, மூக்கு நுனி. கார்த்திகைச் சொக்கப்பனையாக நின்றேன்.

“ஏ தாயி, ஒங்கிட்ட இருந்துல்லா பொறப்பட்டு, வடையில ஏறி, என் வாய்க்குள்ளயே வந்திருக்கு!” சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. மீசையைத் துடைத்துக்கொண்டார். “கிருமியப் படிச்சவளுக்கே இந்தப் பாடுன்னா நாங்க எம்மாத்திரம்! சரி, சும்மா சளிக்கு இனிமே எழுதல. ஆனா மருந்து கேட்டுச் சண்டைக்கு வருதவன நீதான் சமாளிக்கணும்.”

சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் இரவெல்லாம் தயாரித்த உரையைக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. என் முகவெளிச்சமே போதுமானதாக இருந்தது.

மாரியக்கா எங்கள் தெரு என்பதால் செய்தி எனக்கு முன்னரே வீட்டை அடைந்துவிட்டது. என் கல்யாண வரவேற்பில் திடீரெனக் கரண்ட் போனபோது, இருட்டில் தம்பியின் குரல் கேட்டது: “யாரும் பயப்படாதீங்க, அக்கா மேடையிலதான் இருக்கா!”

இன்றும் சாரலுக்குக் கரண்ட் போனால் எங்கள் வீட்டில் யாரும் மெழுகுவர்த்தி தேடுவதில்லை. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி.