கருவாட்டு டின்னும் கல்யாணக் காரும்

கல்யாண வீட்டில் மூத்த மருமகன் வாயைத் திறக்கவே கூடாது. இந்த ஞானம் எனக்கு வந்தபோது என் கொழுந்தியா பிரின்ஸி, தலைமுதல் கால்வரை கருவாடு மணக்க, சர்ச்சுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

என்னிடம் ஒரு பழைய டீசல் கார் உண்டு. (விற்றவர் பணத்தை வாங்கியதும் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்த அளவுக்குப் பழசு.) பிரின்ஸியின் கல்யாணத்துக்கு வாடகைக் கார் சொல்லலாம் என்றார் மாமனார். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"மாமா, வீட்டுல வண்டி கெடக்கும்போ வாடகைக்கு எதுக்கு? பொண்ணு எனக்க வண்டியிலதான் போவா."

மாமனார் என்னையும் வெளியே நின்ற காரையும் மாறி மாறிப் பார்த்தார். "செரி. ஒங்க பொறுப்பாக்கும்" என்றார். அவர் குரலில் ஒரு துளி நம்பிக்கையும் இல்லை.

கல்யாண வாரத்தில் காருக்கு இழுவை போய்விட்டது. களியக்காவிளையில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஏற்றத்தில் மிதி மிதி என்று மிதிக்கிறேன், கார் கறுப்பாகப் புகை விட்டதே தவிர நகரவில்லை. பின்னால் மீன்பெட்டி கட்டிய ஒரு மொபெட் வந்து எங்களை முந்தியது. முந்தினால்கூடப் பரவாயில்லை, அந்த ஆள் திரும்பிப் பார்த்து, "தள்ளணுமா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த என் மனைவி ஷைனி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "டர்போ காத்து எஞ்சினுக்குப் போய்ச் சேராம எங்கயோ லீக்காவுது. ரப்பர் ஓஸ் கிழிஞ்சிருக்கும். ஆனா எனக்க மச்சினனுக்குக் கல்யாணம். அடுத்த வாரம் கொண்டு வாங்க" என்றார். (அந்த வாரம் ஊரில் கல்யாணம் இல்லாதவன் நாதியற்றவன்.)

அப்போதாவது மாமனாரிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மானம் என்னாவது? செல்போனில் வீடியோ பார்த்தேன். காற்று போகும் குழாய்க்குள் புகையை ஊதினால், கிழிசல் வழியாகப் புகை வெளியே வருமாம். இவ்வளவுதானா என்று எழுந்தேன்.

புகைக்குக் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, எங்கள் வீட்டில் மலைபோலக் கிடந்தது. அதைப் போட்டு எரிக்க மூடியுள்ள டின் வேண்டும். அடுக்களையில் தேடினேன். கச்சிதமான ஒன்று கிடைத்தது.

"அது கருவாட்டு டின்னாக்கும்" என்றாள் ஷைனி.

"காலிதானே?"

"காலிதான். ஆனா..."

"பின்னே என்ன ஆனா? நீ போ அங்க."

டின்னில் இரண்டு ஓட்டை போட்டேன். ஒன்றில் வாக்குவம் கிளீனரின் ஊதுகிற பக்கம், மற்றதில் எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய். கதம்பையைக் கொளுத்தி மூடினேன். வருடக்கணக்காக நெத்திலியும் சாளையும் தூங்கிய டின் அது. சூடானதும் அவை அத்தனையும் உயிர்த்தெழுந்தன. தெருவில் போனவர்கள், "என்ன, மத்தியானம் விசேசமா?" என்று கேட்டார்கள்.

ஆனால் புகை வந்தது! டர்போவுக்குப் பக்கத்து ஓஸின் அடிப்பக்கத்தில், விரல் நீளக் கிழிசலிலிருந்து குபுகுபுவென்று வந்தது. "ஷைனீ, கண்டுபிடிச்சாச்சு!" என்று நான் முற்றத்தில் குதித்தேன். சாயங்காலமே பஸ்ஸில் நாகர்கோவில் போய்ப் புது ஓஸ் வாங்கி வந்து மாட்டினேன்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று கார்க் கதவைத் திறந்தால், கருவாட்டு மணம் முகத்தில் அறைந்தது. புகை போடும்போது சாவியைத் திருப்பி வைத்த நான், உள்ளே ஃபேன் ஓடுவதைக் கவனிக்கவில்லை. எஞ்சினைச் சுற்றி நின்ற புகையை அது மொத்தமாக உள்ளே இழுத்திருக்கிறது. கண்ணாடிகளும் மூடியிருந்தன, கல்யாணத்துக்காகப் போட்ட வெள்ளை சீட் கவரில் தூசி படக்கூடாதே என்று.

எலுமிச்சை தேய்த்தேன். காப்பித்தூள் வைத்தேன். பவுடர் தூவினேன். கடைசியில் தோவாளைப் பிச்சிப்பூவைக் கூடையோடு உள்ளே வைத்துப் பூட்டினேன். மறுநாள் பிச்சிப்பூவும் கருவாடு மணத்தது.

கல்யாணத்தன்று பிரின்ஸி வெள்ளைப் புடவையில் ஏறினாள். புழுக்கம், ஏசி போட்டேன். பாதி வழியில் மெல்லக் கேட்டாள், "அத்தான், எனக்க தலையெல்லாம் கருவாடு மணக்குதா, இல்ல எனக்குத்தான் தோணுதா?" முன் சீட்டிலிருந்த மாமனார் மூக்கைக் கைக்குட்டையால் மூடியபடி என்னையே பார்த்தார். கார் மட்டும் ஏற்றத்தில் ஜம்மென்று ஏறியது. "இழுவையப் பாத்தியளா மாமா?" என்றேன். அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். இறங்கிய பெண்ணின் பின்னால் சர்ச் வாசல்வரை ஒரு பூனை பக்தியோடு வந்தது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. என் வீம்புக்கு அந்தப் பிள்ளையின் நாள் பலியாகிவிட்டதே.

தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் தேங்காய்ப்பட்டணத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அதே காரில் ஏறினார்கள். (வேறு கார் இல்லை. அந்தப் புண்ணியமும் என்னுடையதுதான்.) மாப்பிள்ளை ராபின் மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். பிரின்ஸி கண் கலங்கிக் குனிந்துவிட்டாள்.

"அண்ணே, வண்டில கருவாடு இருக்கா?"

"மணம் மட்டுந்தான் மக்கா" என்றேன்.

"சவூதில வருசக்கணக்கா குப்பூஸ் ரொட்டி தின்னு நாக்கு செத்துப்போச்சு. ஊருக்கு வந்த நாள் தொட்டு எல்லாரும் பிரியாணியாப் போடுதாவ. இப்பதான் பசிக்குது."

பிரின்ஸி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், அவர்கள் வீட்டு வாசல்வரை நிறுத்தவில்லை.

இன்றும் நான் போனட்டைத் திறந்தால் மாமனார், "ஏட்டி ஷைனி, சோத்த வை, கறி ரெடியாவுது" என்பார். போன மாதம் காரை விற்கலாம் என்று பேச்செடுத்தேன். விஷயம் தெரிந்து ராபின் சவூதியிலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே, அத விக்காதீங்க. அவ மொதல்ல சிரிச்சது அதுலயாக்கும்."

வெளியே நின்ற காரை எட்டிப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து ஷைனியின் குரல் வந்தது.

"வித்தாலும் எவன் வாங்குவான்? மழை பேஞ்சா இப்பவும் மணக்கும்லா!"