மில்லை நிப்பாட்டின பின்னேரம்

"அப்ப, உங்கட றேடியோவுக்கு நடுக்கம் வந்தது என்ர மில்லாலையோ, அண்ணை?" வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான் மில்காரன் றவூப்.

"வேறை என்ன? உன்ர எஞ்சின் அடிக்க நிலம் அதிருது, மேசை அதிருது, உள்ளுக்க இருக்கிற தகடும் அதிருது. அது மயிரளவு அசைஞ்சாலும் ஸ்டேசன் விலகிப்போகும்!" என்றார் ஏரம்பு.

"நெல்லோட சனம் நிக்குது. நிப்பாட்டேலாது, அண்ணை."

செய்தி முடிந்ததும் கொழும்பிலிருந்து ஏரம்புவின் மகள் இராசமலர் வானொலியில் பாடப்போகிறாள். "உவளும் ஒரு பாட்டுக்காரியோ?" என்று நக்கலடித்த மைத்துனர் தவராசாவை, தண்ணீரூற்று ஊரின் முதல் பற்றரி றேடியோவுக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தியுமாயிற்று. செய்தி வாசிப்பவரோ குளிர்காய்ச்சல்காரர்போல நடுங்கிக்கொண்டிருந்தார்.

"மேசைக் காலுக்குச் சாக்கு மடிச்சு வையுங்கோவன்" என்றாள் மனைவி அன்னபாக்கியம்.

ஏரம்பு வைத்தார். மேசை நொண்டியது. செய்தியும் நொண்டியது.

கூரை வளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார். றேடியோ பிள்ளை ஏணைபோல ஆடியது.

"மச்சான், உந்தச் செய்திக்காரர் வாறாரோ, போறாரோ? ஒரு இடத்தில இருக்கச் சொல்லும்" என்றார் தவராசா.

பனையோலைக் கடகத்தில் உமி கொட்டி அதற்குள் புதைத்தார். மூச்சே இல்லை.

"இனிக் குஞ்சு பொரிக்கும்" என்றார் தவராசா.

ஏரம்பு வேலிக்கு ஓடினார். "தம்பி றவூப், உனக்குப் புண்ணியமாப் போகும்! பிள்ளை பாடப்போறாள், கொஞ்ச நேரம் நிப்பாட்டடா!"

"சரி, பிள்ளைக்காக."

எஞ்சின் விக்கி ஓய்ந்தது. நெல்லோடு நின்ற சனமெல்லாம் றவூப்புக்குப் பின்னால் வந்து முற்றத்தில் குந்திவிட்டது. உமியைத் தட்டி, றேடியோவை மேசையில் வைத்தார்கள். செய்திக்காரர் கணீரென்று வாசித்து முடித்தார்.

ஏரம்பு மீசையை நீவினார். "கேட்டீரோ, மச்சான்? இனி ஒரு எழுத்தும் பிசகாது."

"அடுத்து, செல்வி இராசமலர் ஏரம்பு..."

முதலடி நடுங்கியது. இரண்டாமடி அதைவிட நடுங்கியது. மூன்றாமடியில் சுருதி வேலி பாய்ந்து ஓடிவிட்டது. அவ்வளவும், ஒரு நடுக்கம் தவறாமல், முற்றத்தின் கடைசி ஆள்வரை துல்லியமாகக் கேட்டது.

ஏரம்பு றேடியோவை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தார். பாட்டு இன்னும் பாதிக்கு வரவில்லை. தவராசா ஏதோ சொல்லத் தொண்டையைச் செருமினார்.

றவூப் மெல்ல எழும்பி வந்து ஏரம்புவின் காதுக்குள் கேட்டான்:

"அண்ணை, மில்லைத் திரும்பப் போடட்டோ? என்ன நினைக்கிறியள்?"