பெரியவர் லீக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

தீராத ஆசை உள்ள ஆளிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்கக் கூடாது. கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. என் கை போன இடத்தை என் வீட்டுக்காரர் சங்கர் இன்றுவரை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதில் பாதி பொய். மீதிப் பாதியை நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பந்து உதைக்க ஆசை. விஷயம் இவ்வளவுதான். கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து, மட்டாஞ்சேரியில் படித்து, இப்போது மட்டாஞ்சேரியிலேயே ஒரு மிளகு மண்டியில் கணக்கெழுதுகிறேன். (வீட்டில் தமிழ்தான். எங்கள் தமிழைக் கேட்டால் மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள், அது வேறு கதை.) பள்ளி மைதானத்தில் பையன்கள் ஆடுவார்கள். பெண்களாகிய நாங்கள் அவர்கள் பைகளுக்குக் காவல். ஒரு நாள் பந்து என் காலடிக்கே உருண்டு வந்தது. நான் காலைத் தூக்குவதற்குள் ஒருவன் கத்தினான்: "ஏய், உதைக்காதே! கையால எடுத்துக் கொடு!" எடுத்துக் கொடுத்தேன். அந்த உதை உள்ளேயே தங்கிவிட்டது.

என் மகள் மீனு வளரும் காலம் வேறு. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒரு ஃபுட்பால் கிளப் வந்தது. முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட்டாள். வெயிலில் கறுத்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அவள் வீடு திரும்பும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். (பெற்ற பிள்ளை மேலா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.)

எர்ணாகுளத்தில் நடக்கும் லீக்கில் கிளப் முதல் முறையாகச் சேர்வதென்று முடிவாயிற்று. பதிவெல்லாம் ஆன்லைனில். கோச் ஜோஸிக்குப் பந்தைத் தவிர வேறு எதையும் தொட்டுப் பழக்கமில்லை. "சேச்சிக்கு கம்ப்யூட்டர் அறியுமல்லோ? இதொண்ணு செஞ்சு தரணும்" என்று என் தலையில் கட்டினார். நானும் பெரிய மேதாவி மாதிரி உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியே, எந்த வகை நிகழ்ச்சி? சிறுவர் லீக், பெரியவர் லீக், பயிற்சி முகாம், டோர்னமென்ட் என்று நீண்டுகொண்டே போயிற்று. ஒருமுறை சேமித்துவிட்டால் வகையை மாற்ற முடியாது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. (பொடி எழுத்தைப் படிக்கிற ஜாதியாக இருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்?) யோசித்தேன். பிள்ளைகளிடம் ஏது போன்? பதிவு செய்யப் போவது அம்மாக்கள்தானே. எங்கள் ஊரில் பிள்ளைகளின் எந்தக் காரியமும் பெற்றவர்களை வைத்துத்தான். டாக்டரானாலும் டியூஷன் சாரானாலும் "யாரோட மோளு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே, 'பெரியவர் லீக், பெண்கள்'. அமுக்கினேன். சேமித்தேன். அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் லிங்க்கையும் போட்டுவிட்டேன்.

சிறுவர் லீக் என்று போட்டிருந்தால் அம்மாவைக் காப்பாளர் என்றும் பிள்ளையை ஆட்டக்காரர் என்றும் அதுவே பிரித்துக்கொள்ளுமாம். பெரியவர் லீக்கில் நிரப்புகிறவரே ஆட்டக்காரர். ஜெர்ஸி அளவைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சுள்ளிக்கல்லிலிருந்து வரும் ஷெமீனா 'டபுள் எக்ஸெல்' என்று போட்டிருந்தாள். அவள் மகளோ ஊதினால் பறந்துவிடுவாள். வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாக வாங்குகிறாள், கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படகேறி எர்ணாகுளம் போனோம். மீனு முந்தின நாள் காலில் கட்டிய ஷின் கார்டைத் தூக்கத்தில்கூடக் கழற்றவில்லை. மைதானத்தில் எதிரணியைப் பார்த்ததும் ஜோஸிக்கு முகம் வெளிறிப் போயிற்று. திருப்பூணித்துறையிலிருந்து வந்த கல்லூரிப் பெண்கள், ஒவ்வொருத்தியும் தென்னை மரம்.

கழுத்தில் விசில் தொங்கவிட்டிருந்த அமைப்பாளர் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "வசந்தி சங்கர்! ப்ளேயர் நம்பர் ஏழு!"

"நான் ப்ளேயர் இல்ல சார். ப்ளேயரோட அம்மா."

"இதுல நிங்ஙள்தான் ப்ளேயர். பிள்ளைகள் பேரு ஒண்ணுகூட இல்லல்லோ."

ஜோஸி என்னைப் பார்த்தார். அம்மாக்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதையாவது தாங்கியிருப்பேன். மீனு என் துப்பட்டாவைப் பிடித்து, "அப்ப நான் களிக்க முடியாதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஒருத்தி ஆட முடியாமல் நின்றது போதாதா, இவளுமா என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அமைப்பாளர் நல்ல மனிதர், ஆனால் விதி விதிதான். "டீம் இறங்கலைன்னா வாக்கோவர், ஆடாமலே அவங்க ஜெயிச்ச கணக்கு. முதல் மேட்ச்லயே வாக்கோவர் கொடுக்கிற கிளப்புக்கு இந்த சீஸன்ல இடமில்ல. லிஸ்ட்ல உள்ளவங்க இறங்கிட்டா, அடுத்த வாரம் பிள்ளைகளை சிறுவர் லீக்கில நானே சேர்த்துத் தரேன்."

ஷெமீனாதான் முதலில் தலைத்துணியை இழுத்து இறுக்கிக் கட்டினாள். "வா சேச்சி. டபுள் எக்ஸெல் வந்திட்டுண்டு, அதை யாராவது இடணுமில்ல? நானும் ஸ்கூல்ல ரிலே ஓடினவளாக்கும்!"

அமைப்பாளர் கொண்டுவந்திருந்த ஜெர்ஸியைச் சுடிதாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டோம். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. (எங்கள் அளவுதானே!)

எத்தனை கோல் வாங்கினோம் என்று கேட்காதீர்கள். ஸ்கோர் எழுதினவரே பாதியில் பேனாவை மூடிவிட்டார். எங்கள் கோல்கீப்பர் பந்து வந்தபோதெல்லாம் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். ஷெமீனா பந்தை விட்டுவிட்டு ஆளைத் துரத்தினாள். நான் வெறுங்காலோடு எல்லாத் திசையிலும் ஓடினேன். வெளியே நின்ற பிள்ளைகள், "அம்மா, அங்க இல்ல, இங்க! ஐயோ, இங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பந்து என்னிடம் வந்தது. யாரும் குறுக்கே வரவில்லை, யாரும் உதைக்காதே என்று கத்தவில்லை. ஓங்கி உதைத்தேன். அடடா, அது போன அழகை என்னவென்று சொல்ல! நேராகப் போய் எங்கள் கோலுக்குள்ளேயே விழுந்தது.

அது எந்தக் கோல் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று ஓடி வந்தேன். திருப்பூணித்துறைப் பெண்கள் நின்ற இடத்திலேயே கைதட்டினார்கள். (தட்டாமல் என்ன செய்வார்கள், கோல் அவர்களுக்குத்தானே!) மீனு முகத்தைப் பொத்திக்கொண்டாள். தெரிந்த பிறகும் எனக்கு வெட்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அமைப்பாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வாரம் மீனு ஆடினாள். இன்றும் ஆடுகிறாள். வீட்டில் யார் எந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும் சங்கர் ஓடி வந்து, "பெரியவங்களா சின்னவங்களான்னு பாத்து அமுக்கு, அப்புறம் ஜெர்ஸி வந்துடும்" என்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, "இவ வேணும்னேதான் அமுக்கினா" என்று ஆரம்பித்துவிடுவார். சத்தியமாகத் தெரியாமல்தான் அமுக்கினேன். (அப்படித்தான் நினைக்கிறேன்.)

எங்கள் அணி அதற்குப் பிறகு கூடவில்லை. ஷெமீனாவை மீன் கடையில் பார்த்தால், "சேச்சி, ஒரு நாள் களிக்கணும்" என்பாள். "ஆமாடி, களிக்கணும்" என்பேன். அவளுக்கு மாமியார் படுக்கையில். எனக்கு மண்டியில் ஆண்டுக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மீனுவின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்கிறேன். கால்தான் சும்மா இருப்பதில்லை.

ஒவ்வொரு சீஸன் தொடக்கத்திலும் என் போனுக்கு ஒரு செய்தி வருகிறது. 'வசந்தி, இந்த முறையும் விளையாட வருகிறீர்களா?' கீழே ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

"மெஷின் அனுப்பறதும்மா அது. 'இல்லை'ன்னு அமுக்கு, நின்னுடும்" என்கிறாள் மீனு.

எனக்கும் தெரியும். ஆனாலும் அமுக்க விரல் வரமாட்டேன் என்கிறது. பிறந்ததிலிருந்து என்னை விளையாடக் கூப்பிட்டது அது ஒன்றுதான்.