காவிரிப் பாலத்தில் பின்னால் வந்த லாரி

இந்த உலகத்தில் முன்னேறிப் பேர் வாங்கியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். பின்னாலேயே போய்ப் பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ரிவர்ஸ் பாய்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அவருக்கே மறந்திருக்கும்.

அப்போது நான் திருச்சி குட்ஷெட்டில் நெல் ஏற்றும் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். லாரிகளில் வரும் மூட்டைகள் சரக்கு ரயிலின் வேகன்களில் ஏறுகின்றனவா என்று பார்த்துக் கத்துவதுதான் என் வேலை. பாயின் லாரி, முன்னால் நீளமாக மூக்கு வைத்த அந்தக் காலத்து வண்டி. அதைப் பார்த்தாலே புது லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கக் கூச்சப்படுவார்கள்.

வேகன் வாசலுக்கு எல்லா லாரியும் ரிவர்ஸில்தான் வர வேண்டும். லோடுமேன்கள் "வா... வா... ஒடி... போதும் போதும்!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். பாய்க்கு மட்டும் யாரும் கத்தக் கூடாது. கத்தினால் இறங்கி வந்துவிடுவார்.

"ஏம்ப்பா, நீ வீட்டுக்குள்ள போறப்ப ஒம் பொண்டாட்டி வா வான்னு கத்துவாளா?"

அவர் ரிவர்ஸ் எடுத்தால் லாரியின் பின்பக்கம் வேகன் வாசலில் கதவு சாத்தினதுபோல் உட்காரும். அந்தத் திமிரில் ஒருநாள் ஒரு கிலோ பேரீச்சம்பழம் வாங்க, மலைக்கோட்டைக் கடைவீதிச் சந்துக்குள் லாரியை ரிவர்ஸிலேயே விட்டார். மனிதர்களே பக்கவாட்டில் திரும்பி நடக்கிற சந்து அது! ஜவுளிக்கடைக்காரர்கள் வாசல் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாய் சீட்டில் இருந்தபடியே பழத்தை வாங்கிக்கொண்டு, "மழைக்கு முன்னாடி கொஞ்சம் துணியெல்லாம் உள்ள எடுத்து வைங்க தம்பி" என்று அறிவுரை வேறு சொல்லிவிட்டு வந்தார். எனக்கு மயக்கம் வராத குறை.

ஆனால் வண்டி கிழடு. வழியில் நின்றுவிடும். ஒருநாள் எங்கள் கான்ட்ராக்டரின் மேனேஜர் பொறுக்க முடியாமல் கத்தினார்.

"இன்னொரு தடவை அந்த வண்டி வழியில நின்னுச்சுன்னா, கேட்டுக்குள்ள விடாதீங்க!"

பாய்க்கு அந்த லாரியை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. "நிக்காது சார், நான் பொறுப்பு" என்று நான் ஏதோ வேகத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த வண்டியின் வயசு ஞாபகம் வந்தது.

அடுத்த வாரமே வந்தது வினை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ரயிலில் எஞ்சின் மாட்டியாகிவிட்டது. கடைசி வேகனில் பாதி காலி. திருவெள்ளறையிலிருந்து வர வேண்டிய பாயின் லோடு மட்டும் வரவில்லை. அப்போது போன் வந்தது.

"தம்பி, மாம்பழச்சாலையில இருக்கேன். கியர் மாட்டிக்கிச்சு."

"ஐயோ! எதுல மாட்டிக்கிச்சு பாய்?"

"ரிவர்ஸ்லதான். அல்ஹம்துலில்லாஹ்!"

மொபெட்டில் பறந்தேன். நான் போய்ச் சேருவதற்குள் லாரி காவிரிப் பாலத்தில் பின்பக்கமாக ஏறிவிட்டது! கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டபடி பாய் ஓட்டுகிறார். அடப்பாவி மனுஷா! பின்தொடர்ந்து வந்த பஸ்காரர், லாரியின் முகம் தன்னைப் பார்த்தபடியே விலகிப் போவதைக் கண்டு வெலவெலத்துப் போனார். பாய் அவருக்கு ஒரு சலாம் வைத்தார்.

நான் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு, லாரிக்கு வழி விடச் சொல்லி முன்னால் அலறிக்கொண்டே போனேன். பாலத்தின் கடைசியில் நின்ற போலீஸ்காரர் கையைத் தூக்கினார், இறக்கினார், பிறகு தலையில் வைத்துக்கொண்டார். "எந்தப் பக்கம்யா போறான் இவன்?" என்று என்னைத்தான் கேட்டார். நான் குட்ஷெட் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் பறந்தேன்.

குட்ஷெட் கேட்டில் மேனேஜர் நின்றிருந்தார். லாரி அவரைத் தாண்டிப் பின்னாலேயே போய்க் கடைசி வேகன் வாசலில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு லோடுமேன்கூட வாயைத் திறக்கவில்லை. கடைசி மூட்டை உள்ளே போனதும் மழை கொட்டியது.

"வண்டி வழியில நின்னுச்சா பாய்?" என்றார் மேனேஜர்.

"நிக்கலியே சார். வந்துக்கிட்டேதானே இருந்துச்சு."

மேனேஜர் போய் எல்லோருக்கும் டீ சொன்னார். வண்டியைப் பற்றி அதன்பிறகு அவர் வாய் திறக்கவே இல்லை.

நான் டீ கிளாஸோடு பாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏன் பாய், உசுரு போயிருந்தா? வேற லாரியில லோடை மாத்தியிருக்கலாம்ல?"

பாய் டீயை ஊதினார். "நீங்க எனக்காகப் பொறுப்புன்னு சொல்லிட்டீங்களே தம்பி. ஒங்களத் தலகுனிய விட்டுருவேனா?"

அந்த லாரி பழைய இரும்புக்குப் போய்விட்டது. பாயும் மகள் ஊரோடு போய்விட்டார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குள் ஏதாவது லாரி ரிவர்ஸில் வந்தால் இப்போதும் எல்லோரும் ஒதுங்குகிறார்கள். நான் மட்டும் செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடிப்போய் டிரைவர் முகத்தைப் பார்க்கிறேன்.