குரங்கு நிவாரண உபகமிட்டியும் ஒரு ஸ்பிரிங் துப்பாக்கியும்

சக்கரத்தையும் நெருப்பையும் கண்டுபிடித்தவர்கள் கமிட்டி போடாமலே கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால்தான் இன்றுவரை ஒன்று ஆள்மேல் ஏறுகிறது, மற்றது வீட்டைக் கொளுத்துகிறது. மனித குலத்தின் இந்த ஆதிப் பிழையைத் திருத்திய பெருமை தில்லி ஆர்.கே.புரத்து 'நவஜீவன் குடியிருப்போர் நலச் சங்க'த்தைச் சேரும். தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சங்கம், குரங்கு விரட்ட ஒரு காற்றுத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. அத்தனை நிதானமான, அத்தனை ஜனநாயகமான, யார் மனமும் கோணாத தேர்வு இந்தத் தலைநகரில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. குரங்குக்குக்கூட மனம் கோணவில்லை.

அந்தச் சரித்திரத்தில் உறுப்பினர்-செயலராக இருக்கும் பாக்கியம் ராஜகோபாலுக்குக் கிடைத்தது. மத்திய சர்க்காரில் செக்ஷன் ஆபீசர். அரசுக் குடியிருப்பின் மூன்றாவது மாடி, அதாவது கடைசி மாடி. அவர் தலைக்கு மேல் மொட்டை மாடி, மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குள் மத்தியானங்களில் குரங்கு.

காட்டிலிருந்து வரும் குரங்குகளுக்கு தில்லி வெயில் தாங்குவதில்லை. தொட்டியின் மூடியை லேசாகத் தூக்கி எறிந்துவிட்டு, குடும்பத்தோடு இறங்கி, முதுகு தேய்த்து, குட்டிகளுக்கும் தலைக்கு ஊற்றிவிட்டுப் போகும். பிறகு அந்தத் தண்ணீர் குழாய் வழியாக ராஜகோபாலின் சமையலறைக்கு வரும், அவ்வப்போது ரோமத்துடன். கீழ்த்தளத்துக்காரர்களுக்கு நகராட்சிக் குழாயிலிருந்தே நேராகத் தண்ணீர் வந்துவிடும். சங்கத் தலைவர் சத்தா ஸாபும் கமிட்டியின் ஏனைய பெருமக்களும் கீழ்த்தளம். ஆகவே அவர்களால் பிரச்னையைப் பதற்றமில்லாமல் அணுக முடிந்தது.

பதற்றமெல்லாம் விசாலாக்ஷிக்குத்தான். பெண் மாதங்கி தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். குரங்குச் செய்தி நாக்பூர் சம்பந்தியம்மாள் காதுக்கும் எட்டிவிட்டது.

"ஏன்னா, சம்பந்தி போன்ல என்ன கேட்டா தெரியுமோ? 'உங்காத்துல குரங்கு குளிச்ச தண்ணியிலதான் என் பேரனைக் குளிப்பாட்டப் போறேளா மாமி'ன்னு கேக்கறா. பிரசவத்தை அங்கேயே வெச்சுக்கறாளாம்."

"முதல் பிரசவம் பொறந்தாத்துலதானே?"

"அதைத் தொட்டிகிட்ட போய்ச் சொல்லுங்கோ."

ராஜகோபால் தனக்குத் தெரிந்த ஒரே வீரச் செயலைச் செய்தார். சங்கத்துக்கு மனு எழுதினார். சத்தா ஸாப் உடனே 'குரங்கு நிவாரண உபகமிட்டி' அமைத்தார். ஏழு பேர். புகார் கொடுத்த குற்றத்துக்காக ராஜகோபாலே செயலர்.

முதல் கூட்டத்தில் கொள்கை வகுக்கப்பட்டது. குரங்கு ஆஞ்சநேயர் அம்சம், ஆகவே அதன் மேல் குண்டு படக் கூடாது. பக்கத்தில் பட வேண்டும். அவருக்கு உகந்த செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்திலும் படக் கூடாது. பம்பு அடித்துக் காற்று நிரப்பும் ரகம் வேண்டாம். யார் பம்பு அடிப்பது என்ற கேள்விக்கு யாரும் கையைத் தூக்கவில்லை. ஸ்பிரிங் ரகம் உத்தமம். குழலை நடுவில் மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும், நிமிர்த்தி விசையைத் தட்டினால் ஸ்பிரிங் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். மேலே உள்ளவர் கீழே உள்ளவரைத் தள்ள, அவர் அடுத்தவரைத் தள்ளும் இந்த முறை எல்லாருக்கும் ஆபீசில் பழக்கமானதாகவே இருந்தது.

இரண்டாவது கூட்டத்தில் குழலின் அளவு விவாதத்துக்கு வந்தது. வந்தது, போகவில்லை.

"பாயிண்ட் டூ டூ!" என்றார் வர்மாஜி, மீசையைத் தடவியபடி. "பெரிய குழல், கனமான குண்டு. விழுந்தால் ஒரு கௌரவம் இருக்கும். சின்னக் குண்டை எந்தக் குரங்கு மதிக்கும்?"

கணக்குப் பிரிவு பாலசுப்ரமணியம் திருநெல்வேலிக்காரர். இந்தியில் ஆரம்பித்து, கோபம் வந்ததும் ராஜகோபால் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்துவிடுவார். "பாயிண்ட் ஒன் செவன் செவன்தான் வே சரி. சின்னக் குண்டு, வேகம் ஜாஸ்தி, கோடு போட்ட மாதிரி நேராப் போவும். டூ டூ குண்டு பாதி வழியில தொங்கிரும். இவரு மீசை மாதிரி."

"இவர் என்ன சொல்கிறார்?" என்றார் வர்மாஜி.

"உங்கள் மீசையைப் புகழ்கிறார்" என்று ராஜகோபால் மொழிபெயர்த்தார்.

இருவரும் அதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆகவே கருத்தில் கலப்படமில்லாமல் இருந்தது. கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. டூ டூ கோஷ்டிக்காரர்கள் பஸ் ஸ்டாப்பில் ஒன் செவன் செவன் கோஷ்டிக்காரர்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 'கடுகுக் குண்டு' என்று பாலசுப்ரமணியத்தையும் 'பீரங்கி' என்று வர்மாஜியையும் பட்டப் பெயர் சொல்லும் அளவுக்குக் குடியிருப்பில் துப்பாக்கி அறிவு வளர்ந்தது.

ராஜகோபால் ஒரு முறை, ஒரே ஒரு முறை, வாயைத் திறந்தார். "குரங்கு மேல் படவே கூடாது என்று தீர்மானித்துவிட்டோம். பிறகு எந்த அளவாக இருந்தால் என்ன?"

சத்தா ஸாப் கண்ணாடியைக் கழற்றினார். "ராஜகோபால்ஜி, செயலர் யோசிக்கக் கூடாது. குறிப்பு எடுக்க வேண்டும்."

ராஜகோபால் அதையும் குறிப்பெடுத்துக்கொண்டார்.

மாதங்கி வந்து சேர்ந்தாள், ஏழாம் மாத வயிற்றோடும், தண்ணீர் சரியாகாவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற மாமியாரின் நிபந்தனையோடும். தில்லியில் பிறந்த பெண். "அப்பா, துப்பாக்கி வாங்க இவ்வளவு மீட்டிங்கா? ஜல்தி பண்ணச் சொல்லுங்கோ. நான் வேற டெட்லைன்ல இருக்கேன்."

அன்றைக்கே தொட்டித் தண்ணீரில் ஒரு கொத்து ரோமம் வந்தது. விசாலாக்ஷி அதைப் பார்த்தாள், சமையலறை மூலையைப் பார்த்தாள். மிக்சி வந்த நாளிலிருந்து அங்கே அம்மிக்கல் சும்மா உட்கார்ந்திருந்தது.

"ஏன்னா, ஒரு கை பிடியுங்கோ."

"எங்கே?"

"மாடிக்கு."

ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, படிக்குப் படி இளைப்பாறி, புருஷனும் பெண்டாட்டியும் அம்மியை மாடிக்குக் கொண்டுபோய்த் தொட்டி மூடிமேல் வைத்தார்கள். மத்தியானம் குரங்குகள் வந்தன. பெரிய ஆண் குரங்கு மூடியை இழுத்தது, உட்கார்ந்து யோசித்தது, மறுபடி இழுத்தது. பிறகு, கமிட்டி ஏதும் போடாமல், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அடுத்த பிளாக்குக்குப் போய்விட்டது.

தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. விசாலாக்ஷி நாக்பூருக்குத் தானே போன் போட்டாள். "இங்கே எல்லாம் சரியாயிடுத்து சம்பந்தி. குழந்தை இங்கேதான்" என்றாள். அன்று ராஜகோபாலுக்குப் பாயசம் கிடைத்தது.

அந்தப் பாயச தைரியத்தில் அவர் மூன்றாவது கூட்டத்தில் செய்தியை வெளியிட்டார். பிரச்னை தீர்ந்தது என்றார்.

"தீர்ந்ததா?" சத்தா ஸாபின் குரலில் காயம்பட்ட தொனி. "யாரைக் கேட்டுத் தீர்ந்தது? அது தனிநபர் நடவடிக்கை. கமிட்டியின் நடவடிக்கை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

அன்றுதான் அந்த மகத்தான சமரசம் பிறந்தது. டூ டூ கோஷ்டியும் தோற்கக் கூடாது, ஒன் செவன் செவன் கோஷ்டியும் தோற்கக் கூடாது. ஆகவே துப்பாக்கி வர்மாஜி சொன்ன அளவில் வாங்குவது, குண்டு பாலசுப்ரமணியம் சொன்ன அளவில் வாங்குவது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எதிரிகள் இருவரும் ஒரே சமோசாவைப் பிய்த்துத் தின்றார்கள். வர்மாஜியின் மீசையில் ஒட்டிய சட்னியைப் பாலசுப்ரமணியமே துடைத்துவிட்டார்.

பழைய தில்லியில், துப்பாக்கிக் கடைக்காரர் இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு ராஜகோபாலைப் பார்த்தார். "பாய்ஸாப், குழல் பெரிசு, குண்டு சின்னது. நிற்காது, வழுக்கி விழுந்துவிடும்."

"தெரிகிறது."

"தெரிந்துமா வாங்குகிறீர்கள்?"

"தீர்மானம் அப்படி."

"அச்சா, சர்க்காரி" என்று கடைக்காரர் பொட்டலம் கட்டினார். ராஜகோபாலுக்குக் கை ஒரு கணம் தயங்கியது. சரியான குண்டு பக்கத்து அலமாரியிலேயே இருந்தது. ஆனால் தீர்மானத்தைத் திருத்தத் தனக்கு அதிகாரமில்லை என்பது அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

துப்பாக்கி வந்தது. குரங்குதான் வரவில்லை. சத்தா ஸாப் வேர்த்துப்போய் மூன்று மாடி ஏறி, முதல் முறையாக ராஜகோபால் வீட்டுக்கு வந்தார்.

"சங்கப் பணத்தில் வாங்கியிருக்கிறோம். குரங்கே இல்லையென்றால் பொதுக்குழுவில் என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை தொடக்க விழா. அந்தக் கல்லை எடுத்துவிடுங்கள்."

அவர் படியிறங்கியதும் விசாலாக்ஷி கேட்டாள். "எடுக்கப் போறேளா?"

"ஒரு நாளைக்குத்தானே, விசாலம்."

"குரங்குக்கு ஒரு நாள்னு தெரியுமா? வழி தெரிஞ்சுண்டா தெனமும் வரும். அம்மியை எடுத்தேள்னா, மாதங்கியைக் கூட்டிண்டு அன்னிக்கே நாக்பூர் கிளம்பிடுவேன். நானே சம்பந்தி வாசல்ல போய், 'நீங்க சொன்னதுதான் சரி மாமி'ன்னு நிப்பேன். அதையும் பாருங்கோ."

முப்பது வருஷ சர்வீஸில் ராஜகோபால் மேலிடத்துக்கு 'முடியாது' என்று எழுதியதில்லை. 'பரிசீலிக்கலாம்' என்று எழுதியிருக்கிறார், ஒரு முறை, பென்சிலில். ஞாயிற்றுக்கிழமை வர்மாஜியும் பாலசுப்ரமணியமும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து அம்மியைச் சுவரோரம் இறக்கினார்கள். ராஜகோபால் ஓரமாக நின்று, 'கல் அகற்றப்பட்டது' என்று குறிப்பெடுத்தார்.

துப்பாக்கிக்குக் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்ச் சில்லு தெறித்ததும் அடுத்த பிளாக்கிலிருந்து பெரிய குரங்கு வந்து தொட்டிமேல் உட்கார்ந்தது. குறித்த நேரத்துக்கு வந்த சிறப்பு விருந்தினர் அது ஒன்றுதான்.

சத்தா ஸாப் குழலை மடக்கினார். குண்டை வைத்தார். அது குழலுக்குள் உருண்டு மறுமுனை வழியாக வெளியே வந்து அவர் செருப்பின் மேல் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"மேலே பார்த்துப் பிடியுங்கள் ஸாப்" என்றார் பாலசுப்ரமணியம். "குண்டு மேல் தப்பில்லை. குழல் மேல்தான் தப்பு."

"குழல் மேல் தப்பா? குண்டுக்கு எடை போதாது!" என்றார் வர்மாஜி.

குழலை வானத்தைப் பார்க்க வைத்து, குண்டைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தலைவர் சட்டென்று குறி பார்த்துச் சுட்டார். 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. குண்டு, பாக்குத் தூளைத் துப்பினாற்போல இரண்டு முழ தூரம் போய் விழுந்தது. குரங்கு இறங்கி வந்தது, எடுத்து முகர்ந்தது, தின்னத் தகாதது என்று கண்டு எறிந்தது. பிறகு பழைய ஞாபகத்தில் தொட்டி மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'தொளுக்' என்று உள்ளே குதித்தது.

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. சத்தா ஸாப் திகைக்கவில்லை. தலைவர்கள் ஏன் தலைவர்கள் என்பது இப்படிப்பட்ட கணங்களில்தான் விளங்கும்.

"எழுதுங்கள் ராஜகோபால்ஜி. துப்பாக்கிச் சத்தத்தில் குரங்கு தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டது. சோதனை வெற்றி. தண்ணீர் பாதுகாப்பாக உள்ளது."

"ஏகமனதாக!" என்றார்கள் எல்லாரும். ராஜகோபால் எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

அப்போது விசாலாக்ஷி தட்டில் ஏழு டம்ளர் காபியோடு படியேறி வந்தாள். பின்னால் மாதங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"ஜெயிச்சாச்சாமே. எடுத்துக்கோங்கோ."

சத்தா ஸாபின் கை நீண்டது, நின்றது. "இது... எந்தத் தண்ணீர், பஹன்ஜி?"

"பாதுகாப்பான தண்ணீர்தான் பாய்ஸாப்."

தொட்டிக்குள் குரங்கு செல்லமாக ஒரு முறை புரண்டது. சத்தா ஸாபுக்கு ரத்த அழுத்தம் நினைவுக்கு வந்தது. வர்மாஜிக்கு ஏதோ விரதம். பாலசுப்ரமணியம் காபியை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதாம். மற்ற மூவருக்கும் டாக்டர் தடை போட்டிருந்தார், ஒரே டாக்டர். தட்டு கடைசியாக ராஜகோபாலிடம் வந்து நின்றது.

"எனக்கு... இப்பதான் குடிச்சேன், விசாலம்."

காலையிலிருந்து அவர் வாயில் ஒரு சொட்டுக் காபி படவில்லை என்பது தில்லியிலேயே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"காலையிலேயே பிடிச்சு வெச்ச நல்ல தண்ணிதான்" என்றாள். "மாதங்கி, வா. பெட்டி கட்டணும்."

ஏழு டம்ளரும் அப்படியே ஆறிக் கிடந்தன. மூடியில்லாத தொட்டியிலிருந்து வெளியே வந்த குரங்கு, அவற்றில் ஒன்றை மட்டும் ருசி பார்த்தது.

நாக்பூரில் பேரன் பிறந்தான். சம்பந்தியம்மாள் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள். விசாலாக்ஷி பக்கத்தில் நின்று துண்டு எடுத்துக் கொடுத்தாள். வருஷம் முடிந்தும் அவள் திரும்பி வரும் தேதி தெரியவில்லை. சங்கத்தின் ஆண்டறிக்கை மட்டும் சரியான தேதியில் வந்தது. அதில் உபகமிட்டிக்குத் தனிப் பாராட்டு: 'துப்பாக்கி வாங்கப்பட்ட பின், மூன்றாவது மாடியிலிருந்து குரங்குத் தொல்லை பற்றிய புகார்கள் அடியோடு நின்றுவிட்டன.'

அந்த வாக்கியத்தை எழுதிய உறுப்பினர்-செயலர், மூன்றாவது மாடியில், குழாயடியில் தண்ணீரைத் துணியால் வடிகட்டிக்கொண்டிருந்தார். அம்மி மாடிச் சுவரோரம் இறக்கிய இடத்திலேயே கிடந்தது. அதைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும்.