குப்பைத் தொட்டிப் பந்தயம்

அன்புக்கும் மரியாதைக்கும், கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, உன் மருமகள் பொடிசு எல்லோரும் சுகம். உன் ஆடிட் ஆபீசும், உன்னைக் கண்டதும் எழுந்து நிற்கும் அந்தப் பிள்ளைகளும், உன் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன? முழங்கால் வலி மட்டும் குறைந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ தீர்ப்புச் சொல்லிவிடுவாய். கடிதத்தை நடுவில் நிறுத்தித் திட்ட முடியாது பார்.

விஷயம் இதுதான். பொடிசுக்காக உன் ஆபீசில் காலியாக வைத்திருக்கும் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. அவள் கணக்குப் படிப்புக்கு மாறப்போவதில்லை. பல்கலைக்கழகத்தில் தொல்லியலையே தொடரப் போகிறாள். வருகிற வியாழக்கிழமை தன் வகுப்போடு அகழாய்வுக்குப் புறப்படுகிறாள். இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே படி.

நான் சும்மா விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எண்ணாதே. நீ சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். வெயில் என்றேன், பாம்பு என்றேன், கூடாரம் என்றேன், கல்யாணம் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. ஊரிலிருக்கிற தரையெல்லாம் பளபளவென்று மூட வேண்டும் என்று டைல்ஸ் கடையில் நாள் முழுக்கத் தொண்டை கிழியப் பேசுகிறவன் நான். எனக்குப் பிறந்தது தரையைத் தோண்டுவேன் என்று நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஹாஸ்டலுக்குத் திரும்பும் முன் கடைசியாக ஒரு பிடி பிடித்தேன். "செத்துப்போன ராஜா வீட்ல என்ன சமைச்சாங்க, யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னு அடிச்சு விடறீங்க. இல்லைன்னு சொல்ல அந்த ராஜா எழுந்து வரப்போறாரா?" என்று கேட்டேன். பெரிய வக்கீல் மாதிரி கேட்டுவிட்டோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அவள் கொஞ்சமும் அசராமல், "சரிப்பா, உயிரோட இருக்கறவங்களையே தோண்டிப் பார்த்துடலாம்" என்றாள்.

அப்படித்தான் பந்தயம் வந்தது. அடுத்த ஞாயிறு வரை நம் வீட்டுச் சமையலறைக் குப்பைத் தொட்டியை யாரும் கொட்டக் கூடாது. அவள் வந்து அதை அடுக்கடுக்காகப் பிரித்து, தான் இல்லாத வாரத்தில் வீட்டில் என்னென்ன நடந்தது என்று சொல்வாள். எல்லாம் சரியாக இருந்தால் நான் அகழாய்வுக்குச் சம்மதம் தர வேண்டும். ஒன்றே ஒன்று தப்பினாலும் அவள் உன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார வேண்டும். நடுவர், உன் தம்பி பெண்டாட்டி. "ஒண்ணு தப்பினாலும் போச்சா? யோசிச்சுக்கோடி" என்று அவள் அம்மா எச்சரித்தாள். "யோசிச்சுட்டேன்மா" என்றாள் பொடிசு. அந்த நிமிஷமே நாற்காலிக்கு ஒரு நல்ல மெத்தை வாங்க வேண்டும் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அக்கா, கொட்டாத குப்பைத் தொட்டியோடு நீ குடித்தனம் நடத்தியதில்லை. நடத்தாதே. புதன்கிழமைக்குள் அது வீட்டில் இன்னோர் ஆள் மாதிரி ஆகிவிட்டது. சமையலறைக்குள் போகும்போது அதனிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் உன் தம்பி பெண்டாட்டி, முகத்துக்கு மாஸ்க் கட்டிக்கொண்டு சமைத்தாள். சாப்பிடும்போது மட்டும் கழற்றினாள், அதையும் யோசித்துத்தான் கழற்றினாள். கீழ்வீட்டுப் பாட்டு வாத்தியார் படியேறி வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, "சார், உங்க வீட்ல எல்லாரும்... இருக்காங்க இல்ல?" என்று கேட்டார். நானும் உன் தம்பி பெண்டாட்டியும் வரிசையாக நின்று காட்டி, பொடிசு ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினோம்.

இத்தனை கஷ்டப்பட்டுவிட்டுத் தோற்கவா முடியும்? ஒரு சின்ன வேலை செய்தேன். கடைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு பை நிறைய முட்டை ஓடு வாங்கி வந்து, வியாழக்கிழமை மாலை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டுத் தோண்டி, அடியில் புதைத்து, மேலே பழையபடி மூடிவிட்டேன். வீட்டில் பெரிய விருந்து நடந்தது என்று சொல்வாள், மாட்டிக்கொள்வாள் என்று கணக்கு. அதற்குப் பிறகு கையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன் என்று கேட்காதே.

இன்று ஞாயிறு, சொன்னபடி வந்தாள். கூடத்தில், நான் தேர்ந்தெடுத்துப் பதித்த வெள்ளை டைல்ஸ் மேலே, பழைய போர்வையை விரித்தாள். கொத்துக்கரண்டி, பிரஷ், சல்லடை எல்லாவற்றையும் ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் மாதிரி அடுக்கினாள். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். நான் தினமும் காலையில் முந்தின நாள் காலண்டர் தாளைக் கிழித்துத் தொட்டியில் போடுவேன் இல்லையா, அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே! "அப்பா, எங்க வாத்தியாருக்குக் கூட இப்படி ஒரு தொட்டி கெடைச்சிருக்காது. அடுக்குக்கு அடுக்கு தேதி போட்டு வச்சிருக்கீங்க!" என்றாள். பாராட்டா, அடியா என்று தெரியாமல் தலையாட்டினேன்.

"வெள்ளிக்கிழமை யாரோ வந்திருக்காங்க. அம்மாவுக்குப் பிடிக்காத ஆளு. நல்ல பிஸ்கட் பாக்கெட்டப் பிரிக்கல, நமுத்துப்போன பழைய பாக்கெட்டத்தான் காலி பண்ணியிருக்காங்க." வந்தவர் என் கடைக்கூட்டாளி. உன் தம்பி பெண்டாட்டி கூரையைப் பார்த்தாள். "செவ்வாய்க்கிழமை ரெண்டு பேருக்கும் சண்டை. வெங்காயத் தோலே இல்ல. ஒரே ஒரு பன் கவர். அப்பாவுக்கு ராத்திரி பன்னுதான்." அது உண்மைதான், எதற்குச் சண்டை என்று உனக்கு அவசியமில்லை. பிறகு முட்டை ஓட்டுக்கு வந்தாள். கை நின்றது. "இது குழிம்மா. புதன்கிழமைத் தாள் கிழிஞ்சு திங்கட்கிழமைக்குக் கீழ போயிருக்கு பாரு. யாரோ மேலேருந்து தோண்டி இதை உள்ள வச்சு மூடியிருக்காங்க. தோண்டினவரோட..." என்று சல்லடையை ஆட்டி, ஒரு நீலப் பொத்தானை எடுத்து, என் சட்டைக் கையருகே வைத்துப் பார்த்தாள். வியாழக்கிழமை போட்ட அதே சட்டை, பொருந்தியது. நடுவர் சிரித்த சிரிப்பில் பாட்டு வாத்தியார் மறுபடி மேலே வந்துவிட்டார்.

தொட்டியின் அடிக்கு வந்தாள். பந்தயத்துக்கு முன்பே கிடந்த குப்பை. அங்கிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து, பிரஷ்ஷால் தடவி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வெயில் தொப்பியோட விலைச்சீட்டு. போன வாரச் சனிக்கிழமைத் தாளுக்கும் கீழ இருக்கு. அப்படின்னா பந்தயத்துக்கு முன்னாடியே யாரோ தொப்பி வாங்கியிருக்காங்க. இந்த வீட்ல வெயில்ல நிக்கப் போறவ நான் ஒருத்திதான்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "முன்னாடியே என்னை அனுப்ப முடிவு பண்ணிட்டு, சும்மா விளையாடினீங்களாப்பா?"

அக்கா, அவள் கண்ணில் தண்ணீர். அந்தப் பிசுபிசுத்த கையோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றாள். பீரோவின் மேலேயிருந்து எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். காது வரை இறங்கியது. "கொண்டைக்கும் சேர்த்து இடம் விட்டு வாங்கியிருக்காரும்மா!" என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லி ஆடினாள். இந்த வீட்டில் இவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. நடுவர், பெண் சொன்னது அத்தனையும் சரி என்று தீர்ப்புச் சொன்னாள். நான் தோற்றேன். மகிழ்ச்சியாகத் தோற்றேன்.

ஆகவே கோபப்படாமல் உன் மருமகளை வாயார வாழ்த்து. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அங்கே எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன் அதட்டலுக்கு அடங்கிய,
தம்பி

பின்குறிப்பு: இதைப் படித்ததும் கிழித்து, உன் ஆபீஸ் தொட்டியில் போடாமல் எரித்துவிடு. தொப்பி நான் எனக்காக வாங்கியது. நான் ஏ.சி. போட்ட ஷோரூமில் உட்கார்ந்திருப்பதாகத்தான் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லாரியிலிருந்து லோடு இறங்கும்போதெல்லாம் உச்சி வெயிலில் நிற்பது நான்தான், வழுக்கை கொதிக்கிறது. 'எனக்கு வழுக்கை இல்லை, நெற்றிதான் கொஞ்சம் பெரிசு' என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன், தொப்பி வாங்கியதை எந்த முகத்தோடு சொல்வேன்? அதனால்தான் பீரோ மேல். ஆக, பொடிசு சொன்னதில் ஒன்று சுத்தத் தப்பு. விதிப்படி பந்தயத்தில் ஜெயித்தவன் நான். அதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்வதாக இல்லை. வியாழக்கிழமை காலை அவளை வழியனுப்ப நீயும் வந்துவிடு. தொப்பியோடுதான் நிற்பாள். ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல். ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று மட்டும் வாய் தவறிக் கேட்டுவிடாதே.